முதல் ஸ்டெப்பிலேயே கண்மாய் காணோம்

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டைட்டில் கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தாச்சு. சிவில்ல ஜி.ஐ.எஸ். எலெக்டிவ் எடுத்தவங்க பாதிப்பேர் இந்நேரம் சீனியர் ரிப்போர்ட்டைத் தேடிப் பிடிச்சிருப்பீங்க. அதுல என்ன இருக்கும்னு திறந்து பார்க்காமலே சொல்லிடலாம். ஒரு பெரிய நகரம், இரண்டு வருஷத்துச் செயற்கைக்கோள் படம், நாலு கலர்ல ஒரு மேப், 'நகர்ப்பகுதி கூடியிருக்கிறது, பசுமைப் பரப்பு குறைந்திருக்கிறது' என்று ஒரு முடிவு. சென்னையை எடுத்துட்டு பெங்களூருவைப் போட்டாலும் மூணாவது சாப்டர்ல ஒரு வரி கூட மாறாது. வைவாவில் கேள்வியும் அதேதான், பதிலும் அதேதான்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. நீங்க புதுக்கோட்டை மாவட்டத்தில் படிக்கிறீங்க. பிராஜெக்ட்டுக்கு உங்க ஊர்க் கண்மாயை எடுங்க. மண்பாசத்துக்காகச் சொல்லலை. சாஃப்ட்வேர் சொல்லிக் கொடுத்த வழிமுறை அத்தனையும் இந்த ஊர் நிலத்தில் உடைஞ்சு போகுது. உடையற இடத்தில்தான் ஜி.ஐ.எஸ். என்கிற பாடம் ஆரம்பிக்குது.

ஜி.ஐ.எஸ். என்பதில் கடைசி எழுத்து எதைக் குறிக்குதுன்னு கேட்டா, எல்லாரும் 'சிஸ்டம்' என்பீங்க. சரிதான். 1960-களில் கனடாவில் ராஜர் டாம்லின்சன் நாட்டின் நிலவளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பிச்சப்போ அது சிஸ்டம்தான். 1992-ல் மைக்கேல் குட்சைல்ட் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கடைசி எழுத்தை 'சயின்ஸ்' என்று எடுத்துக்கணும் என்பது அவர் வாதம். கருவி எப்படி வேலை செய்யுது என்பது ஒரு பக்கம். பூமியைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் மாத்தும்போது என்ன தொலையுது, தப்பு எவ்வளவு, அது எங்கெல்லாம் பரவுது என்பது இன்னொரு பக்கம். நம்ம சிலபஸில் முதல் பக்கத்துக்கு அஞ்சு யூனிட். இரண்டாவது பக்கத்துக்கு ரெண்டு மார்க் கேள்வி ஒண்ணு.

உதாரணம் இல்லாம பேசினா நம்ப மாட்டீங்க. லேபில் முதல்ல செய்யச் சொல்ற நீர்ப்பிடிப்புப் பயிற்சியையே எடுத்துக்கலாம். எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவை டவுன்லோடு பண்ணுவீங்க. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுத்தி ரேடாரில் அளந்தது அது. அப்புறம் வரிசையா நாலு டூல். அதுல முதல் டூல் பெயர் 'ஃபில் சிங்க்ஸ்'. அதாவது, பள்ளத்தை நிரப்பு.

ஏன் நிரப்பணும்? தண்ணி எந்தப் பிக்சலில் விழுந்தாலும் பக்கத்துப் பிக்சலுக்கு இறங்கி, கடைசியில் மேப்பின் ஓரத்துக்கு வந்து வெளியேறணும். நடுவில் ஒரு குழி இருந்தா கணக்கு அங்கேயே நின்னு போகும். மலையும் ஆறுமா இருக்கிற நாட்டில் அப்படிப்பட்ட குழிகள் பெரும்பாலும் அளவீட்டுப் பிழைதான். அதனால நிரப்புவது நியாயம். ஆனா புதுக்கோட்டையில்? இங்கே குழிதான் விஷயமே. சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி கரை போட்டு, தண்ணி வெளியே போகாம நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்லை, மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில். கண்மாய், குளம், ஏரி, ஏந்தல், ஊருணி என்று ஒவ்வொண்ணுக்கும் அதன் வேலைக்கேத்த பெயர். இவ்வளவையும் சாஃப்ட்வேர் 'பிழை' என்று முடிவு பண்ணி முதல் ஸ்டெப்பிலேயே மண் போட்டு மூடிடுது. கவிநாடு கண்மாய் மாதிரி பெரிய நீர்ப்பரப்பு கூட, டூல் ஓடி முடிச்சதும், தண்ணி வழுக்கிட்டுப் போற சமதளமா ஆயிடும். அதுக்கு மேலதான் நீங்க ஸ்ட்ரீம் ஆர்டர் போட்டு, நீலக் கோடு வரைஞ்சு, பைண்டிங் கொடுக்கறீங்க.

அந்த நீலக் கோடும் சந்தேகத்துக்குரியதுதான். நம்ம கண்மாய்களுக்குத் தண்ணி சரிவு பார்த்துத் தானா வந்து சேர்றது பாதிதான். மீதி வரத்துவாரி வழியா வருது. மேல்க் கண்மாய் நிறைஞ்சா கலிங்கு வழியும், அந்த வழிச்சல் ஒரு வாரியில் விழும், வாரி அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைஞ்சா அதுக்கு அடுத்தது. மனுஷன் வெட்டின வாய்க்கால் அது. சில இடத்தில் சரிவுக்குப் பக்கவாட்டில், நிலமட்டத்தோட ஒட்டிக்கிட்டே வளைஞ்சு போகும். அதோட அகலம் எவ்வளவு? நிறைய இடத்தில் ஒரு டிராக்டர் அளவு, ரெண்டு மூணு மீட்டர். நீங்க டவுன்லோடு பண்ணின உயரத் தரவில் ஒரு பிக்சல் 30 மீட்டர். அந்த வலையில் இந்த மீன் விழவே விழாது.

இதில் வேடிக்கை என்னன்னா, பழைய டோப்போஷீட் இந்த விஷயத்தில் நம்ம டிஜிட்டல் தரவை விட விவரமானது. புதுக்கோட்டை நகரைச் சுத்தின பகுதி இந்திய சர்வே துறையின் 58 ஜெ வரிசையில் வரும். கண்மாய்க் கரை ஓரமா '3ஆர்', '4ஆர்' என்று சின்னதா எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. பக்கத்துத் தரையிலிருந்து கரை எத்தனை மீட்டர் உயரம் என்பது அது. ஒரு ஆள் அங்கே போய் நின்னு பார்த்து எழுதினது.

சரி, ஒரு வாரி மேப்பில் விட்டுப்போனா என்ன குடியா மூழ்கிடும்னு கேட்கலாம். மூழ்கும். 2021 பிப்ரவரி 21 அன்று, நம்ம விராலிமலைப் பக்கம் குன்னத்தூரில் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. மாயனூர் கதவணையிலிருந்து குண்டாறு வரைக்கும் 262 கிலோமீட்டர் கால்வாய். நம்ம மாவட்டத்தைக் குறுக்காக வெட்டிட்டுப் போகணும். அப்படி ஒரு கால்வாய் போகும்போது வழியில் எத்தனை வரத்துவாரியைத் தாண்டும்? தாண்டற ஒவ்வொரு இடத்திலயும் வாரித் தண்ணி மேலேயோ கீழேயோ கடந்து போக ஒரு கட்டுமானம் வேணும். சிவில்காரங்க இதை நாலாவது செமஸ்டர்லயோ அஞ்சாவதுலயோ படிச்சிருப்பீங்க. மேப்பில் இல்லாத வாரிக்கு யார் கட்டுமானம் டிசைன் பண்ணுவாங்க? கால்வாய்க்கு மேல்பக்கம் தண்ணி தேங்கி வயல் அழுகும், கீழ்ப்பக்கம் கண்மாய் காயும். பைபாஸ் ரோட்டுக்கும் இதே கணக்குதான், ரயில் பாதைக்கும் இதே கணக்குதான். மேப்பில் இருக்கிறதுக்கு மட்டும்தான் எஸ்டிமேட்டில் ஒரு வரி கிடைக்கும்.

அடுத்தது பச்சை. இதைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இதில்தான் நம்ம மாவட்டம் அதிகமா ஏமாறுது.

என்.டி.வி.ஐ. என்ன பண்ணும்னு தெரியும். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தா ஒரு எண் வரும். எண் பெரிசா இருந்தா பச்சைக் கலர். ரிப்போர்ட்டில் 'ஆரோக்கியமான தாவரப் பரப்பு'. அது நெல்லா, மாந்தோப்பா, முந்திரிக்காடா, தைலமரமா, சீமைக்கருவேலா என்று அந்த எண் சொல்லாது.

நம்ம மாவட்டத்தில் வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகள் எவ்வளவு தூரம் விரிஞ்சு கிடக்குன்னு பஸ்ஸில் போறவங்களுக்கே தெரியும். அதைப் பத்தி விவசாயிங்க பல வருஷமா ஒரு புகார் சொல்றாங்க. மரம் நிலத்தடி நீரை இழுக்குது என்பது ஒண்ணு. அதைவிட முக்கியமா, மழைத்தண்ணி காட்டை விட்டு வெளியே போகாம இருக்க உள்ளே வரப்பு போட்டிருக்காங்க, அதனால கீழே இருக்கிற கண்மாய்க்கு வரத்து நின்னு போச்சு என்கிறது. இந்த விஷயம் போராட்டம் வரைக்கும், கோர்ட் வரைக்கும் போயிருக்கு. நீங்க எந்தப் பக்கம் நிக்கறீங்க என்பது உங்க விருப்பம். ஆனா உங்க மேப்பில் அந்த இடம் எப்படித் தெரியும்? அடர் பச்சை. 'வனப்பரப்பு'. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறையும் அப்படித்தான்: ஒரு ஹெக்டேருக்கு மேல், மரக்கவிகை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தா அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. அது அவங்க வேலைக்கு ஏத்த வரையறை, தப்புன்னு சொல்லலை. அதை அப்படியே தூக்கி 'சுற்றுச்சூழல் நிலை மேம்பட்டிருக்கிறது' என்று நீங்க முடிவு எழுதினா அது தப்பு. கீழ்க் கண்மாயில் வெடிச்சுக் கிடக்கிற மண்ணைப் பார்த்த ஒருத்தர் அந்த வரியைப் படிச்சா என்ன நினைப்பார்?

கண்மாய்க்கு உள்ளேயும் இதே கதைதான். தண்ணி இல்லாத கண்மாயில் சீமைக்கருவேல் அடைச்சு நிக்கும். செயற்கைக்கோளுக்கு அதுவும் தளதளன்னு பச்சை. கோடையில் ஊரே வெளிறிக் கிடக்கும்போது கருவேல் மட்டும் பச்சையாத் தெரியறதால, மே மாசப் படத்தில் செத்த கண்மாய்தான் ரொம்ப உயிரோட இருக்கும்!

அப்புறம் அந்த மே மாசம். படம் தேடும்போது மேகம் 5 சதவீதத்துக்குக் கீழே என்று ஃபில்டர் போடுவீங்க. போட்டா வர்றது எல்லாம் கோடைக்காலப் படம். நம்ம கண்மாய் நிறையறதோ ஐப்பசி, கார்த்திகையில். அப்போ வானம் மூடியிருக்கும், அந்தப் படம் உங்க லிஸ்ட்டிலேயே வராது. ஆக, கண்மாய் காஞ்ச மாசத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்துட்டு 'நீர்ப்பரப்பு குறைவு' என்று எழுதிடறோம். இதுக்கு வழி இருக்கு. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். 2014-லிருந்து படம் இருக்கு, இலவசம். அசையாத தண்ணி அதில் கறுப்பாத் தெரியும். ஆனா கருவேல் நடுவே நிக்கிற தண்ணி அப்படிக் கறுப்பாத் தெரியாது, அதையும் மனசில வெச்சுக்கணும். ஒரு கருவியின் குறையை இன்னொரு கருவியால் மறைக்கலாம், ரெண்டாவதுக்கும் ஒரு குறை இருக்கும். அந்தக் குறை என்னன்னு எழுதற ஒரு பக்கம்தான் உங்க ரிப்போர்ட்டிலேயே படிக்கத் தக்க பக்கமா இருக்கும்.

அளக்கிறது ஒண்ணும் நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு இல்லை. ராஜராஜன் காலத்தில் சோழநாட்டையே அளந்து, வேலிக்கணக்கை மிக நுணுக்கமான பின்னம் வரைக்கும் கல்வெட்டில் பொறிச்சு வெச்சாங்க. கோவில் சுவர்களில் நிலம் அளக்கிற கோலின் நீளத்தை வெட்டி வெச்சிருப்பதை இன்னைக்கும் பார்க்கலாம். யார் கோல் சரின்னு சண்டை வந்தா அந்தச் சுவர்தான் தீர்ப்பு. அப்புறம் கம்பெனி வந்தது. 1794-ல் சென்னையில் ஆரம்பிச்ச சர்வே பள்ளிக்கூடம்தான் பின்னாடி கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆச்சு. நாம 'கோர் பிராஞ்ச்' என்று பெருமைப்படற எல்லாத்துக்கும் முன்னாடி சர்வேதான் இருந்தது என்பதை கவுன்சிலிங்கில் யாரும் சொல்றதில்லை. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து, இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளக்கக் கிளம்பினார். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. நம்ம பக்கத்து ஊரான தஞ்சாவூரில், 1808-ல், அதைப் பெரிய கோவில் விமானத்தின் மேலே ஏத்தும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச்சு. வட்டம் வளைஞ்சு போச்சு. லாம்ப்டன் அதைத் தானே உட்கார்ந்து நிமிர்த்தி, மறுபடி அளக்கப் போனார். சமதளமான டெல்டாவில் தூரம் பார்க்கக் கோபுரம்தான் கதின்னு அவருக்கு முதலிலேயே தெரிஞ்சிருந்தது. சமதளம் என்பது அப்பவும் சர்வேயருக்குத் தலைவலிதான், இப்பவும் தலைவலிதான்.

இந்த வரிசையில் கடைசியா வந்து நிக்கறது நம்ம கிராம வரைபடமும் புலப்படமும். பட்டா, சிட்டா, அடங்கல் எடுக்க இ-சேவை மையத்தில் நின்னவங்களுக்கு எஃப்.எம்.பி. என்றால் என்னன்னு தெரியும். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு படம், ஒவ்வொரு பக்கத்துக்கும் மீட்டரில் நீளம். இப்போ அது ஆன்லைனிலேயே கிடைக்குது. அதில் வாரிக்கும் சர்வே நம்பர் இருக்கும், 'வாரி புறம்போக்கு' என்று. தரையில் அந்த வாரி உழுது போயிருக்கலாம், வீடு வந்திருக்கலாம், ரோட்டுக்கு அடியில் போயிருக்கலாம். பேப்பரில் மட்டும் உயிரோட இருக்கும்.

ஆக உங்க கையில் மூணு உலகம். செயற்கைக்கோள் காட்டறது ஒண்ணு, பதிவேடு சொல்றது ஒண்ணு, தரையில் இருக்கிறது ஒண்ணு. மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா வைக்கிறதுக்குத்தான் ஜி.ஐ.எஸ். இருக்கு. இதைச் செய்யும்போதுதான் பாடம் பிடிபடும். கிராம வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. அதைப் பூமியில் உட்கார வைக்கணும்னா இடம் மாறாத புள்ளிகள் வேணும். கோவில் மூலை, கலிங்குக் கல், மூணு ஊர் எல்லை சேர்ற முச்சந்திக் கல். அந்தக் கல்லைக் கண்டுபிடிக்க வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நிக்கணும், இல்லைன்னா ஊரில் ஒரு பெரியவரைப் பிடிக்கணும். உட்கார வெச்ச பிறகு எவ்வளவு மீட்டர் பிசகுதுன்னு சாஃப்ட்வேர் ஒரு எண் காட்டும். அந்த எண் 8 மீட்டர்னு வெச்சுக்குங்க. உங்க வாரி 3 மீட்டர். இப்போ அந்த மேப்பை வெச்சு 'இன்னார் வாரியை அடைச்சுட்டார்' என்று சொல்ல முடியுமா? போன் ஜி.பி.எஸ்.ஸும் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும், மரத்தடியில் இன்னும் மோசம். சொல்லணும்னா டிஃபரென்ஷியல் ஜி.பி.எஸ். வேணும், இல்லைன்னா டோட்டல் ஸ்டேஷனைத் தூக்கிட்டுப் போகணும். நம்ம சர்வே லேபில் கண்ணாடி அலமாரிக்குள்ள தூங்கறதே, அதுதான்.

இது வெறும் மார்க் சமாச்சாரம் இல்லைங்கறதையும் சொல்லிடறேன். 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளைக் கண்டுபிடிச்சு எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் முதல் வேலையே அளந்து எல்லையைக் காட்டறதுதான். அதாவது நீங்க வரையற மாதிரியான ஒரு கோட்டை நம்பித்தான் நோட்டீஸ் போகும், ஜே.சி.பி. வரும். கோட்டுக்கு உள்ளே யார் இருக்காங்க? ஏக்கர் கணக்கில் உழுது சேர்த்துக்கிட்ட பெரிய கையும் இருக்கலாம். வேற புகலிடம் இல்லாம கரையோரம் குடிசை போட்ட குடும்பமும் இருக்கலாம். மேப்பில் ரெண்டும் ஒரே சிவப்பு. நடைமுறையில் எது முதல்ல இடிபடும்னு உங்களுக்கே தெரியும். அதனால உங்க ரிப்போர்ட்டில் ஆக்கிரமிப்பு என்று ஒரே வகுப்பு போடாதீங்க. என்னவா இருக்கு, எவ்வளவு காலமா இருக்கு, வாரியை உண்மையிலேயே அடைக்குதா என்று பிரிச்சு எழுதுங்க. சர்வே நம்பரோடு ஆள் பெயரைச் சேர்த்து இன்ஸ்டாவில் போடற வேலை கண்டிப்பா வேண்டாம். அது வீரம் இல்லை, அடுத்த வாரம் ஊரில் நடக்கப் போற சண்டைக்கு நீங்க கொளுத்திப் போட்ட திரி.

கோடு யார் போடறாங்க என்பது நம்ம மாவட்டத்துக்குப் புதுக் கேள்வியும் இல்லை. 2017 பிப்ரவரியில் நெடுவாசல் என்ற பெயரை நாடே கேட்டது, ஹைட்ரோகார்பன் ஏலத்தில் ஒரு வயலாக அது இருந்ததால. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தப்போ, நம்ம மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி என்று ஐந்து ஒன்றியங்கள் உள்ளே. மற்றவை வெளியே. நிர்வாகத்துக்கு ஒன்றிய எல்லைதான் வசதி, புரியுது. ஆனா தெற்கு வெள்ளாறும் கண்மாய்த் தொடரும் நிலத்தடி நீரும் அந்த எல்லையில் செக்போஸ்ட் போட்டு நிக்கறதில்லை. மாவட்டமே 1974 ஜனவரி 14-ல் ஒட்டுப் போட்டுச் சேர்த்ததுதான். ஆலங்குடி, திருமயம், குளத்தூர் பழைய சமஸ்தானத் தாலுக்காக்கள், அறந்தாங்கி தஞ்சாவூரிலிருந்து வந்தது. உங்க ஆய்வுப் பகுதியை ஒன்றிய எல்லையால் வெட்டறதா, கண்மாய்த் தொடரால் வெட்டறதா என்பதிலேயே பாதி முடிவு மாறிடும். செய்து பாருங்க, ஒரே தரவில் ரெண்டு விடை வரும்.

இப்போ நீங்க கேட்கப் போறது தெரியும். 'இதெல்லாம் சரி, வேலை?'

நேராகவே சொல்றேன். ஜி.ஐ.எஸ். வேலைன்னு இன்னைக்கு அதிகமா கிடைக்கறது படத்தைப் பார்த்து வீட்டையும் ரோட்டையும் கோடு போட்டு வரையற வேலை. நாள் முழுக்க கிளிக். அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய ஆரம்பிச்சாச்சு. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் கோடிக்கணக்கான கட்டடங்களின் எல்லையை செயற்கை நுண்ணறிவால் வரைஞ்சு இலவசமா வெளியிட்டிருக்காங்க. நீங்க நாலு வருஷம் கத்துக்கிட்டது கிளிக் மட்டும்தான்னா போட்டி அதோடதான், அது தூங்காது, பி.எஃப். கேட்காது. தைலமரமா நாட்டுக்காடா, வாரியா வரப்பா, காஞ்ச கண்மாயா பொட்டல்காடா என்று தரையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ற ஆளைத்தான் அதுக்குப் பயிற்சி கொடுக்கவும் அதைத் திருத்தவும் தேடுவாங்க. பரீட்சை எழுதற ஆசை இருந்தா, கேட்டில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் இன்ஜினியரிங் தனிப் பேப்பராகவே இருக்கு. நில அளவர், வரைவாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. இருக்கு. மேலே படிக்கணும்னா கிண்டி இருக்கு, பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ரிமோட் சென்சிங் துறை இருக்கு. காசு இல்லைன்னா டேராடூன் ஐ.ஐ.ஆர்.எஸ். நடத்தற இலவச ஆன்லைன் கோர்ஸ்கள் இருக்கு, சர்ட்டிஃபிகேட்டோட.

'டேட்டா கிடைக்காது' என்று சிலர் சொல்வாங்க. பத்து பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னா ஒத்துக்குவேன். லாண்ட்சாட் 2008-லிருந்து இலவசம், 1972 முதல் பழைய படங்கள் இருக்கு. உங்க தாத்தா நாத்து நட்ட காலத்துக் கண்மாயைப் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் உயரத் தரவு இருக்கு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு மேப் தரவு மீதான பழைய அனுமதிக் கட்டுப்பாடுகளைப் பெரிய அளவில் தளர்த்திடுச்சு. சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இல்லைன்னு கிராக் தேட வேண்டாம், கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம், நம்ம லேபின் பழைய கம்ப்யூட்டரிலும் முக்கி முனகி ஓடும்.

'கைடு ஒத்துக்க மாட்டார், சர்வதேச ஜர்னலில் போடற மாதிரி டைட்டில் கேட்பார்' என்பது அடுத்தது. அதுக்கும் வழி உண்டு. 'தொடர் கண்மாய்ப் பகுதிகளில் பள்ளம் நிரப்பும் முறையின் பிழை' என்று டைட்டில் போட்டுக் கொடுங்க. ஒரே தொடரை ரெண்டு முறை ஓட்டுங்க. சாதாரணமா ஒரு தடவை. நடந்து எடுத்த வாரிகளை உயரத் தரவில் 'செதுக்கி', கண்மாய்களை நிரப்பாம விட்டு இன்னொரு தடவை. ரெண்டு மேப்பும் எங்கே எங்கே பிரியுது என்பதுதான் உங்க ரிசல்ட். இது நம்ம ஊருக்கு மட்டும் உதவற விஷயமும் இல்லை. சிவகங்கை, ராமநாதபுரத்துக்கு மட்டுமா, இலங்கையின் வறண்ட வலயத்துக் குளத்தொடர்களுக்கும் இதே கேள்விதான்.

'பொண்ணுங்க கண்மாய்க்கரையில் தனியா அலைய வீட்டில் விடுவாங்களா' என்று ஒரு தோழி கேட்டாங்க. நியாயமான கேள்வி, அதுக்கு வீரவசனம் பதில் ஆகாது. டீம்ல மூணு நாலு பேரா, பகலில், உள்ளூர்ல ஒரு வீட்டைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் போங்க. நூறு நாள் வேலைக்குக் கண்மாயில் மண் வெட்டற அம்மாக்கள்கிட்ட கேளுங்க. எந்த வாரியில் எந்த வருஷம் தண்ணி வந்தது, யார் அடைச்சது, எங்கே குழாய் போட்டாங்க என்பதெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது. முன்னே ஒவ்வொரு கண்மாய்க்கும் மடை திறக்க, தண்ணி பங்கு பிரிக்க நீர்பாய்ச்சி என்று ஒரு ஆள் இருந்தார். சில ஊரில் அந்த வேலை பார்த்த குடும்பம் இன்னும் இருக்கும். அவரைக் கூட்டிக்கிட்டு நடந்தீங்கன்னா உங்களுக்கு ஒரு செமஸ்டர் மிச்சம். "தம்பி, இது வாரி இல்ல, வண்டிப்பாதை. வாரி அந்தப் பனைக்கு அங்கிட்டு" என்று அவர் சொல்ற ஒரு வாக்கியத்துக்கு, பத்து சென்டினல் படம் ஈடாகாது. அந்த இடத்தின் பெயரையும் அவர்கிட்டயே கேட்டு, அவர் சொல்ற மாதிரியே தமிழில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏத்திடுங்க. ஒரு ஊர் ஏந்தலும் இன்னொரு ஊர் ஊருணியும் மேப்பில் வெறும் 'டேங்க்' என்று கிடக்குது.

தண்ணி சமாச்சாரமே வேண்டாம்னு இருக்கறவங்களுக்கு, பொற்பனைக்கோட்டை பக்கத்திலேயே இருக்கு. வட்டமான பழைய கோட்டை மதிலை மேலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரியும். 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு செய்தாங்க. மதிலுக்கு வெளியே என்ன இருக்குன்னு செயற்கைக்கோள் படத்தில் தேட ஒரு டீமுக்கு நிறைய வேலை இருக்கு.

கண்மாயைத்தான் எடுக்கறீங்கன்னா ஒரு நடைமுறை விஷயம். டைட்டில் அப்ரூவல் ஆகறதுக்காகக் காத்திருக்காதீங்க. ஆகஸ்ட், செப்டம்பரில் வாரி காஞ்சு கிடக்கும், மேல்க் கண்மாய்க் கலிங்கிலிருந்து கீழ்க் கண்மாய் வரைக்கும் உள்ளேயே இறங்கி நடக்கலாம். கருவேல முள் செருப்பைத் துளைக்கும், ஷூ போட்டுக்குங்க. ஐப்பசி மழை பிடிச்சுட்டா கரையில் நின்னு பார்க்கத்தான் முடியும். அப்போ நவம்பர், டிசம்பர் ரேடார் படங்களை எடுத்து, எந்தக் கண்மாய் எந்த வாரத்தில் நிறைஞ்சதுன்னு வரிசைப்படுத்துங்க. வரிசையில் நடுவில் ஒண்ணு நிறையாம இருந்து, அதுக்குக் கீழே இருக்கிறதும் நிறையலைன்னா, செப்டம்பரில் நடந்த நோட்டை எடுத்து அந்த இடத்தில் என்ன எழுதினீங்கன்னு பாருங்க.